நீரிழிவும் நம் இல்லத்து அடுக்களையும்

செங்கற்பட்டினின்று திருக்கழுக்குன்றம் வழியாகக் கடற்கரை நோக்கிச் செல்வோர், கல்பாக்கத்தை அணுகுமுன் அணுபுரம் என்னும் குடியிருப்பைக் காண்பர். அணுசக்தித் துறையில் பணியாற்றுவோர்க்கென எழுந்த ஊர் அது. கற்றறிந்தோர் வாழும் அவ்வூரைச் சூழ நெல்வயல்களும், சவுக்குத் தோப்புகளும், சற்று அப்பால் மீனவர் குப்பங்களும் உள்ளன. கல்வியாலும் பொருளாலும் வேறுபட்ட இவ்விருதிறத்தார் இல்லங்களிலும் வேற்றுமை பாராட்டாது புகுந்து அமர்ந்திருக்கும் விருந்தாளி ஒன்றுண்டு. அதுவே நீரிழிவு நோய். 2023ஆம் ஆண்டில் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்து ஆய்வின்படி நம் நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோர்க்கு இந்நோய் உண்டு. தமிழ்நாட்டிலோ வயது வந்தோருள் நூற்றுக்கு 14 பேருக்கு மேல் இதனை உடையர்.

இந்நோய்க்குரிய மருந்து பற்றிக் கூற நாம் வைத்தியர் அல்லேம். நாம் கூறப் புகுவது, இந்நோய் பற்றிய கல்வி இல்லத்தில் உள்ள ஒருவர்க்கே சொல்லப்பட்டு அவரோடே நின்றுவிடுகிறது என்பதே.

வைத்தியசாலையில் நாம் அன்றாடம் காண்பதென்ன? குடும்பத் தலைவர் தனியே செல்கிறார், இரத்தம் கொடுக்கிறார், மருந்துச் சீட்டும் பத்தியத் தாளும் பெறுகிறார். சோற்றைக் குறைத்துக் காய்கறியையும் பருப்பையும் மிகுத்துண்ணுமாறு அவருக்குச் சொல்லப்படுகிறது. அவரோ அடுப்படியை எட்டியும் பார்த்தறியாதவர். தாள் சட்டைப்பையில் கிடந்து மடிகிறது; பானையில் வழக்கம்போல் அரிசி ஏறுகிறது. அடுத்த திங்கள் சோதனையில் அளவு ஏறியிருப்பின், மனவுறுதி இல்லாதவர் என்ற பழிச்சொல் அவருக்குக் கிடைக்கிறது. பானையை எவரும் குறை கூறுவதில்லை.

பத்தியம் ஒருபுறம் இருக்கட்டும். நோயுற்றவர் எத்துணை அறிவுடையவராயினும், தாமே செய்துகொள்ள இயலாதன சில உள. இன்சுலின் ஏற்றுக்கொண்டோர்க்கும், சிலவகை மாத்திரை உண்போர்க்கும், வேளை தவறின் இரத்தத்தில் சர்க்கரை மிகத் தாழ்ந்துவிடுதல் கூடும். அப்போது உடல் வியர்க்கும், கை நடுங்கும், பேச்சுக் குழறும், சினமும் மயக்கமும் தோன்றும். அந்நிலையில் தமக்கு நேர்ந்தது யாதென அவரே உணரார். அருகிலிருப்போர் அறிந்தாலன்றோ உடனே சர்க்கரை கரைத்த நீரைக் கொடுப்பர்? நினைவிழந்தவர் வாயில் எதனையும் ஊற்றலாகாது, வைத்தியரிடம் விரைந்து கொண்டுசெல்ல வேண்டும் என்பதையும் வீட்டார் அறிந்திருத்தல் வேண்டும். பாதத்தின் நிலையும் இத்தகையதே. உணர்ச்சி குன்றிய காலில் முள் தைத்தாலும் தெரியாது. முதியோர் தம் உள்ளங்காலைத் தாமே குனிந்து பார்த்தலும் அரிது. இரவுதோறும் விளக்கருகே பாட்டியின் பாதத்தைப் பார்க்கும் பேரனொருவன் ஒரு காலையே காப்பாற்றக்கூடும்.

குடும்பத்திற்கே கற்பித்தல் பயன் தருமோ எனின், தொலைதூரத்துச் சான்று ஒன்றுண்டு. பசிபிக் பெருங்கடலிலுள்ள மார்ஷல் தீவுகளில் அமெரிக்க அரசினர் 1946 முதல் 1958 வரை 67 அணுவெடிச் சோதனைகள் நடத்தினர். தீவார் பலர் தம் நிலத்தினின்று பெயர்க்கப்பட்டனர். மீனும் தேங்காயும் ஈரப்பலாவும் உண்டு வாழ்ந்தோர் தீட்டிய அரிசி, வெண்மாவு, தகரத்தில் அடைத்த இறைச்சி ஆகியவற்றை நம்பி வாழலாயினர், நீரிழிவும் பெருகிற்று. அமெரிக்காவின் ஆர்க்கன்சா மாநிலத்தில் குடியேறிய அத்தீவாரிடையே நிகழ்ந்த ஆய்வொன்று 2019இல் வெளியாயிற்று. ஒரு சாரார்க்கு வழக்கமான முறையிலும், மறு சாரார்க்கு அவர்தம் வீட்டிலேயே குடும்பத்தாரோடு சேர்த்தும் கற்பித்தனர். ஓராண்டு கழிந்தபின் பின்னவரிடமே நோயின் அளவு மிகுதியாகக் குறைந்திருந்தது. அத்தீவார்க்கு ஆலயமே ஊர்ச்சாவடி ஆதலின், ஆலயங்களின் வாயிலாகவும் இக்கல்வி கொண்டுசெல்லப்பட்டது.

அத்துணைத் தொலைவு செல்வானேன்? நம் செங்கற்பட்டு மாவட்டத்துச் செய்யூரையடுத்த சூணாம்பேட்டில் 2006ஆம் ஆண்டு தொடங்கி, டாக்டர் வி. மோகன் தலைமையிலான சென்னை ஆராய்ச்சி நிலையத்தார் 42 சிற்றூர்களில் இந்நோயைத் தேடிச் சென்றனர். செயற்கைக்கோள் வழியே சென்னை வைத்தியரோடு தொடர்புகொள்ளும் வண்டியொன்று ஊர் ஊராய்ச் சென்றது. வயது வந்தோர் 27,014 பேருள் 23,449 பேர் சோதிக்கப்பட்டனர். நோயுற்றோரிடம் மூன்று திங்களின் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் அளவு ஓராண்டில் 9.3இலிருந்து 8.5ஆகத் தாழ்ந்தது. சென்னைக்கு அனுப்ப வேண்டியிருந்தோர் நூற்றுக்கு ஐவரினும் குறைவே. வைத்தியம் ஊர்தேடி வந்தால் மக்கள் விலகி ஓடுவதில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? 2021ஆம் ஆண்டு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வாயிலாக மாத்திரைகள் இல்லத்து வாயில்வரை வருகின்றன. வாயிலைக் கடந்து அடுக்களைக்குட் செல்ல வேண்டியது அறிவே.

குடும்பம் முழுதும் தானாகவே வந்து ஓரிடத்தில் அமர்வது எங்கே? ஞாயிறுதோறும் ஆலயத்தில், வெள்ளிதோறும் பள்ளிவாசலிலும் கோயிலிலும். ஆனால் நம் பக்தியின் மகிழ்ச்சி பெரும்பாலும் இனிப்பாகவே வெளிப்படுகிறது. அறுப்பின் பண்டிகையும், ஐக்கிய விருந்தும், சர்க்கரைப் பொங்கலும் அவ்வாறே. வேண்டாவென்று கையசைப்பவரை, ‘இன்று ஒரு நாள் தானே, ஐயா’ என்று வற்புறுத்தி இலையில் இடுவது அன்பென்றே நாம் எண்ணி வந்துள்ளோம். விருந்தை நிறுத்துக என்று நாம் சொல்லோம். சுண்டலும் மீன்குழம்பும் காய்களும் முன்னே வைத்து, இனிப்பைக் கேட்போர்க்கு மட்டும் சிறிதளவாக அளித்தால் எப்பண்டிகையும் குறைவுபடாது. நோன்பு நோற்க விரும்பும் நோயாளரை முன்னதாகவே வைத்தியரிடம் அனுப்புவதும், இறைவேண்டலை நம்பி இன்சுலினை நிறுத்துவோரைத் தடுப்பதும் சமயத் தலைவர் கடன். அவர் சொல்லுக்குள்ள வலிமை பத்தியத் தாளுக்கு இல்லை.

குடும்பம், குடும்பம் என்று நாம் பேசுங்கால், ஒருவரை மறந்துவிடுகிறோம். கணவருக்கு நோய் வந்தால் மனைவி கேழ்வரகு அரைக்கிறாள், கீரை ஆய்கிறாள், வேளை தவறாது மாத்திரை எடுத்து வைக்கிறாள். அம்மனைவிக்கே நோய் வந்தால் யார் ஆய்வர்? எல்லாரும் உண்டபின் எஞ்சிய சோற்றையும், வீணாகலாகாதென்று பிள்ளைகள் விட்ட பலகாரத்தையும் உண்டு, மாத்திரையை மறந்து, பின்னிரவில் படுக்கும் தாய்மார் எத்தனை பேர்! அவருக்கென வேறு சமையல் செய்ய ஆளில்லை. தாமே செய்துகொள்ள அவருக்கு நாணம். ஆதலின், நோயாளிக்கு ஒரு பானை, பிறர்க்கு ஒரு பானை என்னும் பிரிவினையை நாம் ஒப்போம். வீட்டார் அனைவரும் ஒரே உணவை உண்டால் தாய்க்கும் அதுவே கிட்டும். நோய் இன்னும் அணுகாத பிள்ளைகளுக்கும் அதனால் தீங்கில்லை. அவ்வாறன்றி, வீட்டார் அனைவரும் காவலராய் மாறி ஒருவரின் தட்டையே நோக்கியிருப்பது கல்வியாகாது. சிறை எனவே அதனைச் சொல்லலாம்.

இவ்விதழைப் படிக்கும் மாணவ நண்பர்கள் விடுமுறைக்கு இல்லஞ் செல்வர். அன்னையார் உண்பது எப்போது, எதனை, அவர் இரத்தம் கடைசியாகச் சோதிக்கப்பட்டது எந்த ஆண்டு என்று கேட்டறிக. பெரும்பாலோர்க்கு விடை தெரியாதென்றே நாம் அஞ்சுகிறோம். நமக்கும் சென்ற ஆண்டு வரை தெரிந்திருக்கவில்லை.