பேரன் விளையாட்டும் மாங்காட்டு மறையோனும்

கல்லூரி வயதில் பேரப்பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இந்தப் பெயர் காதில் விழுந்திருக்கும்: டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். கம்ப்யூட்டர் வேண்டாம், டி.வி. வேண்டாம். நாலைந்து பேர் சுற்றி உட்கார வேண்டும். ஒருவர் கதைசொல்லி. மற்றவர்களுக்கு ஆளுக்கொரு வேஷம்: ஒருவன் வில்லாளி, ஒருத்தி மந்திரக்காரி, இன்னொருவன் திருடன். "எதிரே பாழடைந்த கோட்டை. என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று கதைசொல்லி கேட்பார். அவர்கள் சொல்வார்கள். அது பலிக்குமா என்பதைப் பகடை முடிவு செய்யும். தெருக்கூத்தும் தாயக்கட்டையும் கலந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் உருவாக்கி 1974-இல் வெளியிட்டது. ஆக, இதுவும் அரை நூற்றாண்டு கண்ட விளையாட்டுதான்.

சென்னையில் படிக்கும் என் பேரன்தான் அவன் கூட்டத்தில் கதைசொல்லி. விடுமுறைக்குத் திருத்தணி வரும்போது நண்பர்களையும் கூட்டி வருவான். கூடத்தில் பாயை விரித்தால் நள்ளிரவு வரை ஆட்டம். அவனுக்கு ஒரு குறை. "தாத்தா, கோட்டைக்குள்ள போனா எல்லாரும் உயிரைக் கொடுத்து ஆடறாங்க. காட்டு வழியா நடக்கணும்னா மட்டும் போனை எடுத்துடறாங்க. பேசாம காட்டையே தூக்கிடலாம்னு பாக்கறேன்" என்றான்.

நில அளவைத் துறையில் 34 வருடம் சங்கிலி பிடித்துக் காடும் கரம்பும் சுற்றியவனிடம் சொல்கிற பேச்சா இது? இரண்டு இரவு பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தேன். அவன் காட்டை நடத்திய விதம் இப்படி: "ஒரு நாள் நடக்கறீங்க." பகடை உருளும். "ஓநாய் வருது." சண்டை. "இன்னொரு நாள் நடக்கறீங்க." பகடை. "கரடி வருது." சண்டை. போனை எடுக்காமல் என்ன செய்வார்கள்? எந்தப் பக்கம் போவது, ஏன் போவது என்று யாரும் அவர்களைக் கேட்கவே இல்லை.

வைகுண்ட ஏகாதசி இரவில் நாம் ஆடிய பரமபதம் இப்படித்தான். தாயம் சொன்ன கட்டத்துக்குப் போவோம், ஏணி வந்தால் ஏறுவோம், பாம்பு வந்தால் இறங்குவோம். நம் யோசனைக்கு அதில் வேலையில்லை. ஒரு ராத்திரி கண் விழிக்க அது போதும். மாதக்கணக்கில் நீளும் கதைக்குப் போதாது. பாம்பின் எண்ணிக்கையைக் கூட்டினாலும் பரமபதம் பரமபதம்தான். காட்டுப் பயணம் சலிக்கிறது என்று மிருகங்களைக் கூட்டுவது வீண் வேலை என்பது என் கருத்து. முன்கூட்டியே கொஞ்சம் விவரம் தெரிந்து, அதை வைத்து வழியைத் தேர்ந்தெடுத்து, அந்தத் தேர்வுக்கு ஒரு விலையும் கொடுக்கும்போதுதான் காடு சுவைக்கும்.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. சிலப்பதிகாரத்தில் மதுரைக் காண்டம் தொடங்கியதுமே காடுகாண் காதை வருகிறது. கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் மதுரைக்கு நடக்கிறார்கள். வழியில் மாங்காட்டு மறையோன் ஒருவரைச் சந்திக்கிறார்கள். அரங்கத்தையும், நமக்கு வடக்கே இருக்கிற வேங்கடத்தையும் தரிசிக்கக் கிளம்பிய மனிதர். கொடும்பாளூர்ப் பக்கம் போனால் பாதை சூலம் போல மூன்றாகப் பிரியும் என்று அவர் சொல்கிறார். வலப்பக்கம் வறண்ட காடு, கானல். தாண்டினால் சிறுமலை, அங்கே பழமரங்கள். இடப்பக்கம் போனால் திருமால் குன்றம், அங்கே ஒரு குகை, அதற்குள் மூன்று பொய்கைகள். ஒன்றில் மூழ்கினால் இலக்கண ஞானம் வரும், இன்னொன்றில் பழம்பிறப்பு தெரியும், மூன்றாவதில் நினைத்தது கிடைக்கும். ஆனால் உள்ளே வரோத்தமை என்ற பெண் கேள்வி கேட்பாள். பதில் சொன்னால்தான் கதவு திறக்கும். நடுவழி நல்ல வழி, இடையிடையே ஊர்கள் உண்டு. ஆனால் அங்கே வழிப்போக்கரை மயக்கும் தெய்வம் ஒன்று இருக்கிறது.

பேரனிடம் இதைச் சொன்னபோது, "தாத்தா, இது அப்படியே எங்க ஆட்டம்!" என்று எழுந்து உட்கார்ந்தான். மூன்று வழி, மூன்றுக்கும் ஒரு லாபம், ஒரு தொல்லை. பொய்கைகள் வேண்டாம் என்று கவுந்தியடிகள் மறுத்துவிடுகிறார். அந்த மறுப்பிலேயே அவர் யார் என்பது நமக்குத் தெரிந்துவிடுகிறது. பிறகு கோவலன் தண்ணீருக்காக ஒரு பொய்கைக்கரைக்குத் தனியே போகிறான். மாதவியின் தோழி வசந்தமாலை அங்கே வந்து அழுகிறாள். அவள் வசந்தமாலையா, மறையோன் சொன்ன தெய்வமா? எச்சரிக்கை நினைவுக்கு வந்து கோவலன் கொற்றவையின் மந்திரத்தைச் சொல்ல, அவள் தெய்வம் என்று வெளிப்படுகிறது.

இங்கே பேரனின் நண்பன் ஒருவன் குறுக்கிட்டான். "முன்னாடியே சொல்லிட்டா திகில் போயிடாதா தாத்தா?" நியாயமான கேள்விதான். ஆனால் எதுவுமே சொல்லாமல் வசந்தமாலை வந்திருந்தால், அது திடீரென்று வந்த ஓநாய் மாதிரிதான். சொல்லி வைத்ததால்தான், அவள் வாயைத் திறந்ததும் நம் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. ஆபத்து உண்டு என்பதைச் சொல்லிவிட்டு, அது எந்த முகத்தோடு வரும் என்பதை மறைத்துவிட வேண்டும்.

பத்துப்பாட்டில் உள்ள மலைபடுகடாமும் இதே வேலையைச் செய்கிறது. செங்கத்து நன்னனிடம் பரிசு வாங்கிய கூத்தன், எதிரே வரும் கூத்தர்களுக்கு 583 அடிகளில் வழி சொல்கிறான். பன்றிக்கு வைத்த பொறி எங்கே இருக்கும், பாம்பு எங்கே கிடக்கும், பாறை எங்கே வழுக்கும், தினைப்புனக் காவலரின் கவண்கல் எப்படி வரும், எந்தக் குடியில் சோறு கிடைக்கும் என்று எல்லாம் உண்டு. வழி தெரிந்தவன் வாய்ச்சொல்லே அதில் வரைபடம்.

அமெரிக்காக்காரர்களும் காட்டை மறக்கவில்லை. காட்டில் வழிதவறியவர்கள் பிழைத்து வருவதைப் பற்றி 1972-இல் வந்த அவுட்டோர் சர்வைவல் என்ற இன்னொரு விளையாட்டின் அறுகோணக் கட்டப் பலகையைத் தங்கள் காட்டுக்குப் பயன்படுத்தச் சொன்னார்கள். ஆறு முகப் பகடையில் வெட்டவெளியில் 1 விழுந்தால் வழி தவறும். சதுப்பு நிலத்தில் 1, 2, 3 எது விழுந்தாலும் தவறும். நிலத்துக்கு நிலம் ஆபத்து மாறுகிறது, பாருங்கள். ஆட்டக்காரர்களுக்கு அது முன்பே தெரிந்திருந்தால்தான் சதுப்பைச் சுற்றிப் போவதா, குறுக்கே போவதா என்று வாதாடுவார்கள்.

என் தொழில் அனுபவத்திலிருந்து மூன்று யோசனைகள் கொடுத்தேன்.

முதலாவது, அடையாளம். "அடர்ந்த காடு" என்றால் மனதில் எதுவும் நிற்காது. நம் ஊர் மலைகளில் வடக்கே வெண்மையாக இருப்பதைப் பச்சரிசி மலை என்றும், தெற்கே கருத்திருப்பதைப் பிண்ணாக்கு மலை என்றும் சொல்கிறோம். ஒருமுறை கேட்டவன் திசை தப்ப மாட்டான். நகரி மலைச் சிகரத்துக்கு ஆங்கிலேயர் மூக்கு என்று பெயர் வைத்தார்கள்; கடலில் வரும் மாலுமிகளுக்கே அது அடையாளமாக இருந்தது. கதைக் காட்டிலும் தூரத்தில் தெரிகிற மூன்று பொருளுக்கு இப்படிப் பெயர் வைக்க வேண்டும்.

இரண்டாவது, கணக்கு. அரிசி, கயிறு, அம்பு என்று எல்லாவற்றுக்கும் கணக்கு எழுதினால் அது ரேஷன் கடைப் பேரேடு ஆகிவிடும். தண்ணீர், பகல் வெளிச்சம் இரண்டை மட்டும் கணக்கில் வைத்தால் போதும். வெளியில் வேலை பார்த்த காலத்தில் எங்கள் முடிவுகளில் பாதி இந்த இரண்டைப் பொறுத்துத்தான்.

மூன்றாவது, எதிர்ப்படுபவர். வள்ளியின் தினைப்புனத்தை நினைத்துப் பாருங்கள். வேடன் வருகிறான், வேங்கை மரம் நிற்கிறது, கிழவர் வந்து தேனும் தினைமாவும் கேட்கிறார், யானை வருகிறது. யாரும் யாரையும் வெட்டவில்லை. ஆனாலும் தணிகைக்காரர்களுக்கு அந்தக் கதை அலுத்ததே இல்லை. வந்த ஒவ்வொருவருக்கும் ஏதோ ஒன்று வேண்டியிருந்தது. கதைக் காட்டில் வரும் கரடிக்கும் ஏதாவது வேண்டியிருக்கட்டும்.

அடுத்த இரவு பேரன் ஓர் ஆடு மேய்க்கும் கிழவியைக் கொண்டுவந்தான். அவள் மூன்று வழி சொன்னாள். ஆற்றுப்படுகை: நடை சுலபம், தண்ணீர் உண்டு, மேலே மழை பெய்தால் வெள்ளம். முகடு: நாலு பக்கமும் தெரியும், சொட்டுத் தண்ணீர் கிடையாது. வண்டிப்பாதை: இரண்டு நாள் கூடுதல், வழியில் காசு பிடுங்கும் கூட்டம். எந்த வழி என்று அரைமணி நேரம் சண்டை போட்டுக்கொண்டார்கள். போன்கள் சுவரோரம் சார்ஜில் கிடந்தன.

இதை இவ்வளவு விரிவாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. இன்றைய பிள்ளைகள் நம் மலைக்குக் காரில் ஏறி, தரிசனம் செய்து, காரிலேயே இறங்குகிறார்கள். 365 படி என்று எண்ணிக்கை தெரியும். எந்தப் படியில் மூச்சு வாங்கும் என்பது தெரியாது. இடம் விட்டு இடம் போவதற்கு போன் வழி சொல்கிறது. அது ஒரே வழியைக் காட்டி நடக்கச் சொல்கிறது. இரண்டு வழிகளை எடை போட்டுப் பார்க்கும் பழக்கம் அவர்களுக்கு எங்கிருந்து வரும்? ஒரு விளையாட்டு அதைக் கற்றுக்கொடுக்குமானால் அதிலிருந்து காட்டை எடுக்க விடக்கூடாது.

நமக்கும் இதில் வேலை இருக்கிறது. நந்தி ஆற்றில் எங்கே இறங்கிக் கடப்பார்கள், பஸ் இல்லாத நாளில் அரக்கோணத்துக்கு எந்தக் குறுக்கு வழி, கோடையிலும் வற்றாத கிணறு எது, இருட்டினால் எந்தத் தோப்பில் தங்கலாம் என்பதெல்லாம் உங்களில் பலருக்குத் தெரியும். எங்கள் அளவைப் படங்களில் புல எண் இருக்கும், எல்லைக்கல் இருக்கும். இந்த விவரம் இருக்காது. நமக்குப் பிறகு சொல்ல ஆளும் இருக்காது. உங்கள் வீட்டில் பகடை உருளும் சத்தம் கேட்டால் டி.வி.யை அணைத்துவிட்டுப் பக்கத்தில் போய் உட்காருங்கள். அந்தக் கூட்டத்துக்கு ஒரு மாங்காட்டு மறையோன் தேவைப்படுகிறார்.