செம்பிற் பதிந்த கை

கொட்டாஞ்சேனையிலிருந்த எமது பழைய வீட்டை ஒழித்து வெள்ளவத்தைக்குக் குடிபெயர்ந்தபோது, என் தாயாரின் செம்புக் குடத்தை நிறுத்து விற்றேன். வாங்கியவர் செம்பின் நிறைக்கு விலை தந்தார். கழுத்தைச் சுற்றியிருந்த கொடிவேலைக்கு ஒரு சதமும் இல்லை. குறை அவருடையதன்று. கலையின் அருமையை வகுப்பில் எடுத்துரைக்கும் தமிழாசிரியனாகிய நானே விற்றேன் என்பதுதான் இன்றும் நெஞ்சை உறுத்துகின்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்திலும் இத்தகைய உறுத்தல் எழுந்தது. எந்திரங்கள் பண்டங்களைக் குவிக்க, கைவினைஞன் வெறுங் கூலியாளானான். இந்நிலையை வெறுத்த வில்லியம் மொறிஸ் முதலியோரால் வளர்ந்த கலை கைவினை இயக்கத்திற் செம்புவேலை சிறப்பிடம் பெற்றது. நியூலின் என்னும் கடற்கரை ஊரில், கடலுக்குச் செல்ல இயலாத நாள்களில் மீனவர் பயிலுமாறு 1890ஆம் ஆண்டில் இத்தொழில் தொடங்கப்பட்டது. தகட்டைக் கீலின்மேற் பதித்து, பின்புறமிருந்து தட்டி உருவைப் புடைக்கச் செய்வர். பின்னர் முன்புறத்தைத் திருத்துவர். அடிக்க அடிக்க இறுகும் செம்பு, நெருப்பிற் காய்ச்ச மீண்டும் இளகும். அம்மீனவர் தட்டங்களில் அமைத்தவை தாம் நன்கறிந்த மீனும் கப்பலுமே.

இவ்வியக்கம் நமக்கு அயலானதன்று. 1877இற் கொழும்பிற் பிறந்த கலாயோகி ஆனந்த குமாரசுவாமி அதில் ஊறியவர். ஆஷ்பீ என்பார் 1888இல் நிறுவிய கைவினைக் கழகம், 1902இல் லண்டனை விட்டுச் சிப்பிங் கம்டன் என்னும் சிற்றூருக்குப் பெயர்ந்தது. அதனருகே வாழ்ந்த குமாரசுவாமி, மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய தமது பெருநூலை, மொறிஸ் பயன்படுத்திய கையச்சுப் பொறியிலேயே 1908இல் அச்சிட்டு முடித்தார். படிகள் 425 மட்டுமே. நம் நாட்டுக் கைவினைஞரின் தொழிலையும் வாழ்வையும் அந்நூல் மதிப்போடு ஆராய்ந்தது.

கைவேலைக்கு விலை அதிகம் என்பர். உண்மையே. மலிவுப் பண்டங்களோடு போட்டியிட இயலாது ஆஷ்பீயின் கழகமும் 1908ஆம் ஆண்டளவிற் கலைந்தது. ஆகவே கைவினைஞனுக்குப் பாராட்டுரை மட்டும் வழங்குவதாற் பயனில்லை. அவன் செய்வதை வாங்குவோர் வேண்டும்.

பரிசளிப்பு விழாவில் நாம் வழங்கும் கிண்ணங்களுள் ஒன்றையேனும், நம் நாட்டுக் கன்னார் கையால் அடித்த செம்புத் தட்டமாக மாற்றுவோம். அதனைச் செய்பவரையே கல்லூரிக்கு அழைத்து, மாணவர் கையிலும் ஒரு நாளாவது சுத்தியலைக் கொடுப்போம். தாமே ஒரு தகட்டைத் தட்டிப் பார்த்தவன், பிறர் கைவண்ணத்தை நிறையால் மதிப்பிடான்.

பழைய மாணவர் இச்செலவை ஏற்பாராயின், முதற் பங்கு என்னுடையதாகுக. குடத்தை விற்ற பணம் அப்படியே இருக்கின்றது.