எட்டுத் தூணும் ஒரு பௌர்ணமியும்

ரோம் போய்வந்த நண்பர் படம் அனுப்பினார். சாட்டர்ன் கோயில். மிச்சம் எட்டுத் தூண்தான். மேலே உத்தரத்தில், தீயில் போனதைத் திரும்பக் கட்டினோம் என்று லத்தீனில் வெட்டியிருக்கிறார்கள். "உங்க ராயப்பன்பட்டிப் பக்கம் இப்படி ஒண்ணு இருக்கா?" என்றார்.

இருக்கு. கூடலூருக்கு மேலே, வண்ணாத்திப்பாறை மலையில், மங்கலதேவி கண்ணகி கோயில். சிதைந்த கல் கட்டடம். வருஷத்தில் ஒரே நாள், சித்ரா பௌர்ணமிக்கு மட்டும் அனுமதி. பளியன்குடியிலிருந்து நடை, குமுளியிலிருந்து ஜீப்.

அந்த ஒரு நாளும் நாம் பேசுவது என்ன? கோயில் தமிழ்நாட்டுக்கா, கேரளாவுக்கா? எல்லைக்கல்லுக்காகத் தொண்டை கிழியக் கத்துகிறோம். சரிந்த கல்லுக்காக அந்தக் குரல் வருவதில்லை.

"புலிகள் காப்பகம் சார், தினமும் கூட்டம் விட முடியுமா?" என்பார்கள். விடவே வேண்டாம். நான் ரோடு கேட்கவில்லை, கடை கேட்கவில்லை. பெரியாறு காட்டுக்கு அந்த அமைதி வேண்டும். ஆனால் பழுதுபார்க்கக் கூட்டம் எதற்கு? கல்லுக்கு எண் போட்டு, அளந்து, சரிந்ததை நிமிர்த்தத் தொல்லியல் தெரிந்த சிலரும் கல்தச்சர்களும் போதும். என் தொழிலில் இதற்கு மெயின்டனன்ஸ் என்று பெயர். யாரும் கைதட்டாத வேலை; நிறுத்தினால்தான் அருமை தெரியும்.

ரெண்டு மாநிலமும் சண்டையை வைத்துக்கொள்ளட்டும். முதலில் சேர்ந்து கல்லை நிமிர்த்துங்க. எல்லாம் விழுந்தபிறகு தீர்ப்பு யார் பக்கம் வந்தா என்ன?