மறுக்கும் மாணவர்

முனைவர் பட்ட ஆய்வு என்பது நெறியாளரின் கருத்துக்கு இன்னும் முந்நூறு பக்கச் சான்று சேர்க்கும் பணி என்னும் எண்ணம் நம் தமிழ்த்துறைகள் பலவற்றில் வேரூன்றியிருக்கிறது. நூல் கொள்ளும் எழுவகை மதங்களுள் மறுத்தலையும் ஒன்றாக எண்ணிய நன்னூலைப் பாடம் நடத்திக்கொண்டே நாம் இவ்வாறு நினைக்கிறோம் என்பதுதான் வேடிக்கை. இங்கிலாந்தின் டியூடர் கால அரசியலை ஆராய்ந்த ஜெஃப்ரி எல்டனின் வாழ்க்கையை இந்த நோக்கில் வாசித்துப் பார்க்கலாம்.

1921இல் ஜெர்மனியின் டூபிங்கனில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர் எல்டன், இயற்பெயர் எரன்பர்க். 1939இல் பிராகாவிலிருந்து தப்பி பிரிட்டன் வந்த குடும்பம் அது. பிறகு லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஜே. ஈ. நீலிடம் ஆய்வு செய்து 1949இல் பட்டம் பெற்றார். அவ்வாய்விலிருந்து உருவான நூல் 1953இல் வெளிவந்தது. அரண்மனைக்குள் முடங்கியிருந்த ஆட்சியை 1530களில் தாமஸ் கிராம்வெல் துறைகள் சார்ந்த அரசாங்கமாக மாற்றினார் என்பது அதன் வாதம்.

நீலின் பெரும்பணி எலிசபெத் காலப் பாராளுமன்றம். அரசியை எதிர்த்து நின்ற பியூரிட்டன் உறுப்பினர்களே அதன் உயிர்நாடி என்றார் அவர். மாணவர் உடன்படவில்லை. மசோதாக்களையும் வரி விதிப்பையும் பக்கம் பக்கமாகப் புரட்டி, அங்கு நடந்தது பெரும்பாலும் அன்றாட அலுவலே, மோதல் அன்று என்று 1986இல் தனிநூலாகவே எழுதினார். (அவருடைய அண்ணன் தம்பி முறையில் மகனாகிய பென் எல்டன், அதே ஆண்டு எலிசபெத்தின் அரசவையைத் தொலைக்காட்சியில் நகைச்சுவை நாடகமாக்கியவர்களுள் ஒருவர். குடும்பத்தில் இரண்டு வகை வரலாறு!)

கேம்பிரிட்ஜில் எல்டனிடம் ஆய்வு செய்தவர் டேவிட் ஸ்டார்க்கி. எட்டாம் ஹென்றியின் அந்தரங்க அறைப் பணியாளர்களே அவருடைய 1973ஆம் ஆண்டு ஆய்வேட்டின் பொருள். அரசன் மலங்கழிக்கையில் உடனிருந்து ஊழியம் செய்தவன் பெருந்தொகையான அரசப் பணத்தையும் கையாண்டான். அவ்வாறெனில் ஆட்சி அரண்மனையை விட்டு எங்கே வெளியேறியது? ஒரு மாணவர் தம் ஆசிரியரின் அடித்தளத்தின்மேல் வைக்கக்கூடிய கேள்விகளுள் இதைவிடக் கூர்மையானது அரிது. ஸ்டார்க்கியின் பிற்காலப் பேச்சுகள், குறிப்பாக அடிமை வணிகம் குறித்து 2020இல் அவர் கூறியவை, நமக்கு அருவருப்பூட்டுபவை. அதற்காக அந்த ஆய்வேட்டின் கேள்வி பொய்யாகிவிடாது.

எல்டன் இதைப் பெருந்தன்மையுடன் ஏற்றாரா? இல்லை. நீலை மறுக்கத் தமக்கிருந்த உரிமையைத் தம் மாணவருக்கு அவர் மனமுவந்து தரவில்லை என்றே நாம் கருதுகிறோம். 1988இல் ஹிஸ்டாரிக்கல் ஜர்னல் இதழில் இருவரும் பகிரங்கமாகவே மோதிக்கொண்டனர். ஆனால் நம் கவனம் வேறிடத்தில் நிற்கிறது. ஆசிரியரின் சினத்துக்குப் பதினைந்து ஆண்டுகள் முன்பே மாணவரின் பட்டம் உறுதியாகிவிட்டது. மூல ஆவணங்களைப் படிக்கும் பயிற்சியையும் அந்த ஆசிரியரே தந்திருந்தார். சான்றுக்கு முன் எவருடைய கருத்தும் நிற்காது என்று 1967இல் வரலாற்றுப் பயிற்சி குறித்துத் தனிநூல் எழுதியவர் அவர். அந்தக் கண்டிப்பையே மாணவர் அவர்மீது செலுத்தினார்.

நம் வாய்மொழித் தேர்வுகளில் நெறியாளரின் நூலை மறுக்கும் ஓர் இயலேனும் உள்ள ஆய்வேடு எத்தனை முறை மேசைக்கு வந்திருக்கிறது? வந்தால் அதில் கையொப்பமிட நம்முள் எத்தனை பேர் ஆயத்தமாயிருக்கிறோம்?