மின்சாரம் சந்தைச் சரக்கா?

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி., இயற்பியல்

முன்னுரை

காற்றும் நீரும் இன்றி உயிர்கள் வாழ இயலா. இன்றைய மனிதனுக்கு இவ்விரண்டோடு மூன்றாவதாக மின்சாரமும் சேர்ந்துவிட்டது. நம் சேலம், நாமக்கல் சமவெளியையே எடுத்துக்கொள்வோம். பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் விசைத்தறி ஓடுவது மின்சாரத்தால். நாமக்கல் பண்ணைகளில் கோழிக்குத் தண்ணீர் ஏறுவது மின்சாரத்தால். ஆத்தூர்ப் பக்கத்துச் சேகோ ஆலையில் மரவள்ளிக் கிழங்கு அரைபடுவதும், மானாவாரிக் காட்டுக்கு நடுவே ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீர் பாய்வதும் மின்சாரத்தால்தான். 1937ஆம் ஆண்டிலேயே மேட்டூர் அணையில் மின் உற்பத்தி தொடங்கிய மண் இது. ஆகவே மின்சாரத்தை யார் நடத்துவது, எப்படி நடத்துவது என்ற கேள்வி டில்லியிலும் சென்னையிலும் இருப்போர் மட்டும் பேசி முடிக்க வேண்டியதன்று. நாமும் பேச வேண்டியது.

மின்சாரத்தையும் மற்றப் பொருள்களைப் போலச் சந்தையில் விட்டுவிட்டால் விலை குறையும், தட்டுப்பாடு தீரும் என்று ஒரு சாரார் கூறுகின்றனர். அரசின் கையிலேயே இருந்தால் போதும், எல்லாம் நலமாகும் என்பர் மற்றொரு சாரார். இரு சாராரும் ஒன்றை மறந்துவிடுகின்றனர் என்பதே என் கருத்து. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சேமிக்க முடியாத பொருள்

முட்டை விலை இறங்கினால் வியாபாரி குளிர்பதனக் கிடங்கில் வைத்து, ஏறும்போது விற்கலாம். மஞ்சளை மூட்டை கட்டி ஆண்டுக் கணக்கில் காக்கலாம். மின்சாரத்தை அப்படி வைக்க இயலாது. மின்கலங்கள் பெருகி வருகின்றன என்பது உண்மையே. ஆயினும் ஒரு மாநிலத்திற்கே வேண்டிய மின்சாரத்தை நாள் கணக்கில் அடைத்து வைக்கும் நிலை இன்னும் வரவில்லை. ஒவ்வொரு வினாடியும் எவ்வளவு செலவாகிறதோ அவ்வளவு உற்பத்தியாக வேண்டும்.

நம் நாட்டில் மாறுமின்னோட்டத்தின் அதிர்வெண் வினாடிக்கு 50 சுற்று. மேட்டில் ஏறும் வண்டியில் பாரம் கூடினால் மாட்டின் நடை தளர்வது போல, தேவை கூடி உற்பத்தி குறைந்தால் மின்னாக்கிகளின் சுழற்சி தளரும், அதிர்வெண் இறங்கும். ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் இயந்திரங்கள் தம்மைக் காத்துக்கொள்ளத் தாமே நின்றுவிடும். ஒன்று நின்றால் மிச்சமுள்ளவற்றின் மீது பாரம் ஏறும், அவையும் நிற்கும். இவ்வாறே ஒரு நாடு முழுதும் இருளில் மூழ்கும். இதைத் தடுக்க வழி இரண்டு. கையிருப்பாக அதிக உற்பத்தித் திறன் வைத்திருக்க வேண்டும். இல்லையேல் சில இடங்களுக்கு மின்சாரத்தை வெட்ட வேண்டும்.

ஆண்டில் பத்து நாள் மட்டும் தேவைப்படும் இயந்திரத்தை மீதி நாள்களில் சும்மா வைத்திருக்க யார் பணம் போடுவார்? இலாபம் ஒன்றையே நோக்குபவர் போடமாட்டார். கேள்வியின் உயிர்நிலை இங்கேதான் இருக்கிறது.

டெக்சாஸ் கற்பித்த பாடம்

அமெரிக்க நாட்டின் டெக்சாஸ் மாநிலம் எண்ணெயும் எரிவாயுவும் கொழிக்கும் பூமி. அங்கே 1999இல் சட்டம் இயற்றி, 2002 முதல் மின் விற்பனையைப் போட்டிக்குத் திறந்துவிட்டனர். உற்பத்தி செய்பவர் ஒருவர், கம்பி வைத்திருப்பவர் ஒருவர், வீட்டுக்கு விற்பவர் வேறொருவர். மத்திய அரசின் கட்டுப்பாடு வேண்டாம் என்று அண்டை மாநிலங்களின் மின்தொகுப்புகளோடு பெரும்பாலும் இணையாமல் தனித்தே நின்றனர்.

2011 பிப்ரவரியில் கடுங்குளிர் வந்து மின்நிலையங்கள் பல நின்றன. குழாய்களுக்கும் கருவிகளுக்கும் குளிர்காப்புச் செய்ய வேண்டும் என்று விசாரணை செய்தோர் பரிந்துரைத்தனர். பரிந்துரை பரிந்துரையாகவே நின்றது. செலவு செய்தவரும் செய்யாதவரும் சந்தையில் ஒரே விலைக்குத்தான் விற்பர் என்றால், செலவு செய்ய யாருக்குத்தான் மனம் வரும்?

பத்தாண்டு கழித்து, 2021 பிப்ரவரியில், அதைவிடப் பெருங்குளிர் வந்தது. எரிவாயுக் கிணறுகளும் குழாய்களும் உறைந்தன. காற்றாலை, நிலக்கரி நிலையம், அணு உலை ஒன்று என எல்லா வகையிலும் நிறுத்தம் ஏற்பட்டது. மிகுதியாக வீழ்ந்தவை எரிவாயு நிலையங்களே. பிப்ரவரி 15 அதிகாலையில் அம்மாநிலத் தொகுப்பு முழுவதும் சரிந்து விழ 4 நிமிடம் 37 வினாடியே மிச்சம் இருந்தது என்று பின்னர்க் கணக்கிட்டனர். அதைத் தவிர்க்க 20,000 மெகாவாட் அளவுக்கு மின்சாரம் வெட்டப்பட்டது. அப்படி வெட்டியபோது எரிவாயுவை அனுப்பும் நிலையங்கள் சிலவற்றின் மின்சாரத்தையும் சேர்த்தே வெட்டிவிட்டனர். வாயு வராமல் இன்னும் சில மின்நிலையங்கள் நின்றன! 45 இலட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளும் நிறுவனங்களும் இருண்டன. அரசுக் கணக்கின்படியே 246 பேர் மாண்டனர். குளிரில் விறைத்து இறந்தோர் பலர்; சூடு வேண்டி மூடிய இடத்தில் எதையோ எரித்து, புகையில் மூச்சடைத்து இறந்தோரும் உண்டு.

சந்தை அப்போது என்ன செய்தது? மொத்த விற்பனை விலை யூனிட்டுக்கு 9 டாலர் என்ற உச்சவரம்பைத் தொட்டு நாள் கணக்கில் அங்கேயே நின்றது. அன்றைய நம் நாணய மதிப்பில் ஏறத்தாழ 650 ரூபாய். விலை ஏறினால் சரக்கு வரும் என்பது பொருளாதாரப் பாடம். உறைந்து கிடக்கும் குழாயில் விலையைக் கூட்டினால் வாயு வருமோ? சந்தை விலைக்கே வாங்குவதாக ஒப்பந்தம் செய்திருந்த வீட்டுக்காரர்களுக்குச் சில நாள்களுக்கு ஆயிரக்கணக்கான டாலர் பில் வந்தது.

அதே டெக்சாஸ் மாநிலத்தின் மேற்குக் கோடியில் எல் பாசோ என்னும் நகரம் இருக்கிறது. அந்நகருக்கு மின்சாரம் தருவதும் ஒரு தனியார் நிறுவனமே. ஆனால் அது பழைய முறைப்படி அரசின் ஒழுங்குமுறைக்கு உட்பட்டது. அண்டை மாநிலங்களின் தொகுப்போடும் இணைந்தது. 2011இல் அடிபட்ட பின் கடுங்குளிரைத் தாங்கும்படி தன் நிலையங்களைச் செப்பனிட்டுக்கொண்டது. 2021இல் அங்கே மிகச் சிலரே, அதுவும் சிறிது நேரமே, மின்சாரம் இழந்தனர். இதிலிருந்து நாம் அறிவது யாது? முதலாளி அரசா, தனியாரா என்பதைவிட, கெட்ட நாளுக்கு ஆயத்தமாக இருக்கும் கடமை எவர் தலையில் இருக்கிறது என்பதே முக்கியம்.

நம் நாட்டு அனுபவம்

டெக்சாசை மட்டும் குறை கூறி நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. 2012 ஜூலை 30இல் நம் வடக்குத் தொகுப்பு விழுந்தது. மறுநாள் வடக்கு, கிழக்கு, வடகிழக்குத் தொகுப்புகள் மூன்றும் விழுந்தன. 60 கோடி மக்கள் வாழும் பகுதி இருண்டது. நம் தென்னகத் தொகுப்பு அப்போது தனித்திருந்ததால் தப்பியது. ஆயினும் அப்படித் தனித்திருந்ததாலேயே வடக்கில் மிகுந்த மின்சாரம் நமக்குப் போதிய அளவு வந்து சேரவும் வழியில்லை. 2013 டிசம்பர் 31இல் ராய்ச்சூர்–சோலாப்பூர் மின்பாதை திறந்த பிறகே நாடு முழுதும் ஒரே தொகுப்பாயிற்று.

அந்த 2012ஆம் ஆண்டின் இறுதியில் தமிழ்நாட்டில் பற்றாக்குறை ஏறத்தாழ 4,000 மெகாவாட். சென்னைக்கு 2 மணி நேர மின்வெட்டு. மற்ற மாவட்டங்களுக்கோ 14 மணி நேரத்திற்கு மேலும்! இது சந்தை செய்த தீங்கன்று. அரசு நிறுவனத்தின் கீழ் நடந்ததே. தேவை வளர்ந்த வேகத்திற்குப் புதிய நிலையங்கள் எழவில்லை. 2003க்குப் பின் 2010 வரை கட்டணமும் திருத்தப்படவில்லை, கடன் ஏறியது. பருவம் முடிந்ததும் காற்றாலை நின்றது, அணையிலும் நீர் இல்லை. ஆயத்தக் கடமையை அரசும் மறக்கக்கூடும் என்பதற்கு இது சான்று.

அப்போது எனக்கு ஏழு வயது. என் தந்தையார் பள்ளிபாளையத்தில் கூலிக்குத் தறி ஓட்டுபவர். ஓட்டிய மீட்டருக்குத்தான் கூலி. நின்ற தறிக்குக் கூலி இல்லை. கரண்டு வரும் நேரத்துக்கெல்லாம், நள்ளிரவானாலும், அப்பாவும் அம்மாவும் எழுந்து பட்டறைக்கு ஓடுவார்களாம். அந்த ஓராண்டில் தறி முதலாளியிடம் வாங்கிய முன்பணம் கடனாக ஏறியது. அதை அடைத்து முடித்தது நான் பத்தாம் வகுப்புப் படிக்கும்போது என்று அம்மா கூறுவார். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். மின்வெட்டு என்றால் விளக்கு அணைவது என்று நினைப்பவர்களுக்கு, கூலிக்காரர் வீட்டில் அது கடனாக மாறி ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்திருக்கும் என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

தனியார் வழியின் இரு முகங்களும் நம் நாட்டிலேயே உண்டு. டில்லியில் 2002இல் விநியோகத்தைத் தனியாருக்குக் கொடுத்த பின், பாதிக்கு மேல் இருந்த மின் இழப்பு படிப்படியாகப் பத்து விழுக்காட்டுக்கும் கீழே வந்தது. இதனை மறைப்பது நேர்மையாகாது. ஒரிசாவில் கதை வேறு. 1999 செப்டம்பரில் நடுப்பகுதி விநியோகத்தை ஏ.இ.எஸ். என்ற அமெரிக்க நிறுவனம் ஏற்றது. அக்டோபர் 29இல் பெரும்புயல் வந்து கம்பங்களைச் சாய்த்தது. இழப்பும் பாக்கித் தகராறும் முற்றி 2001இல் அந்நிறுவனம் வெளியேறியது. இலாபம் இல்லை என்றால் நிறுவனம் போய்விடலாம். புயலடித்த கிராமம் எங்கே போகும்?

நம் மாநிலத்தில் 2018 நவம்பர் 16இல் கஜா புயல் அடித்தபோது ஒரு இலட்சத்திற்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்தன. பல மாவட்டங்களிலிருந்தும் மின் ஊழியர்கள் டெல்டாவுக்குச் சென்று, சேற்றில் நின்று கம்பம் நட்டனர். அந்தக் கணக்கை எந்தச் சந்தை விலையில் எழுதுவது?

இன்று நம்முன் உள்ள கேள்வி

2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம் உற்பத்தியைத் தனியாருக்குத் திறந்துவிட்டது. 2008 முதல் மின்சாரத்திற்கும் சந்தை ஏலம் நடக்கிறது. 2022 மார்ச்சில் வெயில் ஏறியபோது அந்த ஏலத்தில் யூனிட் 20 ரூபாயைத் தொட்டது. ஒழுங்குமுறை ஆணையம் ஏப்ரலில் 12 ரூபாய் என உச்சவரம்பு விதித்தது. அதே ஆண்டு ஆகஸ்டு 8இல் மக்களவையில் வைக்கப்பட்ட திருத்த மசோதா, ஒரே பகுதியில் ஒரே கம்பியில் பல நிறுவனங்கள் மின்சாரம் விற்க வழி செய்ய முயன்றது. எதிர்ப்பு எழுந்து நிலைக்குழுவுக்குச் சென்றது, சட்டமாகவில்லை. ஆனால் அந்த எண்ணம் மறைந்துவிடவில்லை.

இப்படிப் பல நிறுவனங்கள் வந்தால் யாரைத் தேடிப் போகும்? பணம் தரும் ஆலைகளையும் நகர்ப்புற மாளிகைகளையும் தேடிப் போகும். விசைத்தறிக்கு இரண்டு மாதத்திற்கு 1,000 யூனிட் இலவசம், உழவருக்கு 1990 முதல் இலவச மின்சாரம் என்பவை எல்லாம் அரசு நிறுவனத்தின் கணக்கில் மிஞ்சும். இவை யாரும் தானமாகத் தந்தவையல்ல. யூனிட்டுக்குச் சில பைசா உயர்ந்ததை எதிர்த்து 1970களில் நாராயணசாமி நாயுடு தலைமையில் உழவர்கள் போராடினர். பெருமாநல்லூரிலும் நம் பெத்தநாயக்கன்பாளையத்திலும் துப்பாக்கிக் குண்டுக்கு உயிர் கொடுத்தனர்.

நமக்குப் பனி உறைவதில்லை. நம்முடைய கடுங்குளிர் சித்திரை வெயில்தான். 2024 மே 2இல் தமிழகத்தின் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அத்தகைய நாளில் மின்சாரம் நின்றால் கொட்டகையில் கோழிகள் வெப்பம் தாங்காமல் சாகும். குஞ்சு பொரிப்பகத்தில் 21 நாள் காத்த முட்டைகள் வீணாகும். வெட்டிய கிழங்கு ஆலை வாசலில் அழுகும்.

செய்ய வேண்டியவை

முதலாவதாக, மின்சாரம் விற்கும் எவரும், அரசாயினும் தனியாராயினும், உச்சத் தேவைக்கு மேல் ஒரு பங்கு கையிருப்பு வைத்திருக்க வேண்டும் என்பதைச் சட்டக் கடமையாக்கி, தவறினால் தண்டம் விதிக்க வேண்டும். 2021க்குப் பிறகு டெக்சாசும் குளிர்காப்பைச் சட்டமாக்கத்தான் வேண்டியிருந்தது. 246 உயிர் போன பின் செய்ததை நாம் முன்னரே செய்வோம்.

இரண்டாவதாக, வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் அதன் வரிசை முன்கூட்டியே எல்லோருக்கும் தெரிய வேண்டும். மருத்துவமனை, குடிநீர் ஏற்றும் நிலையம், குஞ்சு பொரிப்பகம் ஆகியவற்றின் மின்பாதைகளைத் தனியே குறித்து வைக்க வேண்டும். தலைநகருக்கு ஒரு நீதி, தறிப்பட்டறைக்கு ஒரு நீதி கூடாது.

மூன்றாவதாக, இலவசத்திற்கும் சலுகைக்கும் உரிய பணத்தை அரசு மின் நிறுவனத்துக்கு உரிய காலத்தில் முழுமையாகத் தர வேண்டும். பாக்கி வைத்துவிட்டு, ‘இந்நிறுவனம் நட்டத்தில் ஓடுகிறது, விற்றுவிடுவோம்’ என்பது தீனி போடாமல் மாட்டைப் பட்டினி போட்டுவிட்டுப் பால் இல்லை என்பது போலாகும்.

முடிவுரை

மின்சாரத்தில் விலை பேசும் பகுதியும் உண்டு. கடமை பேசும் பகுதியும் உண்டு. நல்ல நாளில் எந்த ஏற்பாடும் ஓடிவிடும். கெட்ட நாளில்தான் ஏற்பாட்டின் தரம் தெரியும். அந்தக் கெட்ட நாளுக்கு யார் பொறுப்பு என்று எழுதாத எந்தச் சட்டத்தையும், அதைக் கொண்டுவருவது எக்கட்சியாயினும், நாம் கேள்வி கேட்க வேண்டும்.

தோழர்களே! நம்மில் பலர் நாளை மின் துறையிலும் ஆய்வுக் கூடங்களிலும் ஆசிரியப் பணியிலும் அமர்வோம். அதிர்வெண் 50க்குக் கீழே இறங்கும்போது எந்தப் பாதையை முதலில் வெட்டுவது என்று முடிவு செய்யும் மேசையில் நம்மில் ஒருவரும் இருக்கக்கூடும். அந்தப் பாதையின் முனையில் மீட்டருக்குக் கூலி வாங்கும் ஒரு குடும்பம் இருக்கிறது என்ற அறிவையும் சேர்த்தே நாம் இக்கல்லூரியிலிருந்து எடுத்துச் செல்வோமாக!