மண்டகப்பட்டுத் தூணும் கெட்டி ஆயிலும்

விழுப்புரத்திலிருந்து செஞ்சிக்குப் போகிற வழி. மண்டகப்பட்டுக்குத் திரும்புகிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் வண்டியை நிறுத்தினேன். கோளாறு ஒன்றுமில்லை. ஆயில் மாற்ற வேண்டிய கிலோமீட்டர் தாண்டியிருந்தது, எதிரில் ஒரு மெக்கானிக் கடை தென்பட்டது, அவ்வளவுதான். எனக்கு முன்பாக அங்கே ஓர் அம்பாசடர் நின்றது. மெக்கானிக் அதற்கு ஊற்றிய கேனைத் தூக்கிக்கொண்டு அப்படியே என் வண்டிப் பக்கம் வந்தார். 20டபிள்யூ-50. என் வண்டிப் புத்தகத்தில் 0டபிள்யூ-20 என்றல்லவா போட்டிருக்கிறது என்றேன்.

“அது தண்ணி மாதிரி ஓடும் சார். நம்ம செஞ்சி வெயிலுக்கு இதுதான் நிக்கும். சத்தமும் அடங்கும்.”

அம்பாசடர்காரர் திண்ணையிலிருந்தபடியே ஆமோதித்தார். “நாப்பது வருஷமா இதான் தம்பி ஊத்துறேன். இன்ஜினைப் பிரிச்சதே ஒரு தடவைதான்.”

அவர் சொன்னதில் பொய்யில்லை. சிக்கலே அங்கேதான் இருக்கிறது. உண்மையான அனுபவம் ஒன்று, அது பிறந்த இன்ஜினை விட்டு இறங்கி வேறொரு இன்ஜினில் ஏறிக்கொள்கிறது.

கெட்டியாக இருப்பதே காக்கும் என்ற நினைப்பு மோட்டாருக்கும் முந்தியது. மாட்டுவண்டி காலத்தில் வைக்கோலைச் சுட்ட கரியை விளக்கெண்ணெயில் குழைத்து வண்டி மை செய்வார்கள். அச்சுக்கும் குடத்துக்கும் நடுவே விரல் நுனி நுழைகிற இடைவெளியில், நீர்த்த எண்ணெய் என்றால் நாலு சுற்றில் வழிந்து மண்ணுக்குப் போய்விடும். அந்த விளக்கெண்ணெய்தான் பின்னால் இன்ஜினுக்கும் போனது. வேக்ஃபீல்டு என்பவரின் கம்பெனி 1909-ல் தன் புது ஆயிலுக்கு காஸ்ட்ரால் என்று பெயர் வைத்தது, அதில் ஆமணக்கெண்ணெய், அதாவது காஸ்டர் ஆயில், கலந்திருந்ததால். முதல் உலகப் போரில் இன்ஜினே சேர்ந்து சுழலும் விமானங்கள் ஆமணக்கெண்ணெயைக் குடித்துக்கொண்டுதான் பறந்தன. நம் கொல்லையில் வேலியோரம் நின்ற செடிக்கு அப்படியும் ஒரு காலம் இருந்தது.

அம்பாசடர் அந்த மரபின் கடைசிப் பிள்ளைகளில் ஒன்று. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டை வைத்து 1957-ல் வங்காளத்து உத்தரபாராவில் தொடங்கி, 2014 மே மாதம்வரை அதைச் செய்தார்கள். அதன் பழைய 1,489 சிசி இன்ஜினில் பேரிங் இடைவெளிகள் தாராளமானவை. ஓட ஓட அவை இன்னும் அகலும். ரிங் தேயும், ஆயில் குடிக்கும், பின்னால் நீலப்புகை வரும். அந்த இடைவெளியில் நீர்த்த ஆயில் நிற்காது. பிரஷர் விழும், தட்டுகிற சத்தம் கேட்கும். 20டபிள்யூ-50 ஊற்றினால் படலம் நிற்கும், புகை குறையும், வண்டி அமைதியாகும். பழைய வண்டியை விற்கப் போகிறவர் முதல் நாள் கெட்டி ஆயில் ஊற்றி வைக்கும் தந்திரமும் இதிலிருந்து வந்ததுதான். வாங்கியவருக்கு இரண்டு மாதம் கழித்துத் தெரியும்.

ஆக, அந்த இன்ஜினுக்கு அது சரி. ஆனால் வெயில் காரணம்?

ஆயிலுக்கு எண் போடும் வழக்கத்தை 1911-ல் அமெரிக்க மோட்டார் பொறியாளர் சங்கமான எஸ்.ஏ.இ. கொண்டுவந்தது. இடையில் வரும் டபிள்யூவை ‘வெயிட்’ என்று நினைப்பவர்கள் உண்டு. அது வின்ட்டர். முன் எண் குளிரில் ஆயில் எப்படி ஓடும் என்பதற்கு, பின் எண் சூடான இன்ஜினில் எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பதற்கு. அந்தக் கெட்டியை அளப்பது 100 டிகிரியில். படலம் தாங்குமா என்ற கடும் சோதனை 150 டிகிரியில். செஞ்சிப் பாறைகள் கொதிக்கிற மே மாத மதியத்திலும் வெளியே 40 டிகிரிதான். நமக்குத் தலை சுற்றும் அந்த வெயில், இன்ஜினைப் பொறுத்தவரை குளிர்.

அந்த 40 டிகிரியில் 20டபிள்யூ-50 ஆயில் 0டபிள்யூ-20-ஐவிட ஏறக்குறைய நான்கு மடங்கு கெட்டி. சாவியைத் திருப்பிய முதல் சில நொடிகளில், மேலே கேம்ஷாஃப்டுக்கு ஆயில் ஏறும்வரை தேய்மானம் நடக்கும், கெட்டி ஆயில் மெதுவாகத்தான் ஏறும். மார்கழி விடியலில் கேட்கவே வேண்டாம்.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ வந்தது. கடைந்தெடுக்கும் நுணுக்கம் ஒவ்வொரு தலைமுறைக்கும் கூடியது, இடைவெளிகளும் கட்டுக்குள் வந்தன. இன்றைய இன்ஜினில் ஆயிலின் வேலை வழுக்குவதோடு முடிவதில்லை. வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் பொறியை இயக்குவது ஆயில். டைமிங் செயினை இறுக்கிப் பிடிப்பது ஆயில். டர்போ இருந்தால் அதன் தண்டைக் குளிர்விப்பதும் ஆயில். இத்தனையும் ஊசித்துளை போன்ற வழிகளில். கெட்டியான ஆயில் ஊற்றினால் பிரஷர் முள் ஏறும், நாம் மகிழ்வோம். முள் காட்டுவது தடையை. எவ்வளவு ஆயில் போய்ச் சேர்ந்தது என்பதை அல்ல. பிரஷர் மிஞ்சினால் பம்ப்பின் ரிலீஃப் வால்வு திறந்து, மேலே போக வேண்டியதில் ஒரு பங்கை மறுபடி கீழேயே விட்டுவிடும்.

எதிர்த்தரப்புக்கும் ஒரு நியாயம் உண்டு. ஆயில் இவ்வளவு நீர்த்ததற்கு இன்ஜின் நலம் மட்டும் காரணமல்ல. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு அமெரிக்கா மைலேஜுக்குச் சட்டம் போட்டது. இந்தியாவிலும் கார் கம்பெனிகளுக்கான எரிபொருள் சிக்கன வரம்பு 2017-18-ல் நடைமுறைக்கு வந்து, 2022-23-ல் இறுகியது. ஆயில் நீர்த்தால் மைலேஜில் சிறு துளி மிஞ்சும். லட்சக்கணக்கான வண்டிக்கு அது பெருவெள்ளம். எஸ்.ஏ.இ. 2013-ல் 16 என்ற எண்ணையும், 2015-ல் 12, 8 என்ற எண்களையும் சேர்த்தது இதற்காகத்தான். ஒரே இன்ஜினுக்கு ஒரு நாட்டுப் புத்தகத்தில் ஒரே எண்ணும், இன்னொரு நாட்டுப் புத்தகத்தில் மூன்று எண்களும் இருப்பதுண்டு. ஆகவே புத்தகம் அனுமதித்தால் ஒரு படி கெட்டியாகப் போவதில் தவறில்லை. சுமையோடு மலை ஏறுகிறவருக்கு நல்லதும்கூட. 20-லிருந்து ஒரே தாவலில் 50-க்குப் போவதுதான் மூடநம்பிக்கை.

மெக்கானிக்கிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. பிறகு மாற்றிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு மண்டகப்பட்டுக்குத் திருப்பினேன்.

ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் அங்கே பாறையைக் குடைந்து கோயில் செய்தான். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவுமில்லாமல் பிரம்மா, சிவன், விஷ்ணு மூவருக்கும் செய்தேன் என்று விசித்திரசித்தன் என்ற தன் பட்டப்பெயரில் வடமொழியில் வெட்டியும் வைத்தான். மூன்று கருவறைகளும் இன்று காலி. இரு ஓரத்திலும் வாயிற்காவலர்கள் மட்டும் நிற்கிறார்கள். நான் பார்த்துக்கொண்டிருந்தது தூண்களை. கீழும் மேலும் சதுரம், நடுவே எட்டுப் பட்டை, யானைக்கால் போன்ற பருமன். மேலே இருப்பது ஒரே பாறை. அதைத் தாங்க இவ்வளவு கனம் தேவையில்லை. ஆனால் அந்தச் சிற்பிக்கு அது எப்படித் தெரியும்? அவனுக்கு முன்னால் இங்கே யாரும் இப்படிச் செய்து பார்த்ததாகத் தெரியவில்லை. பாறை எவ்வளவு தாங்கும் என்று தெரியாதபோது கல்லைத் தடிமனாக விடுவதே புத்தி. ஒரு தலைமுறை கழித்து, மகன் நரசிம்மவர்மன் காலத்து மாமல்லபுரம் வராக மண்டபத்தில், சிங்கம் தாங்கும் தூண்கள் மெலிந்துவிட்டன. பாறை மாறவில்லை. அளவு பிடிபட்டுவிட்டது, பின்னால் இன்ஜினின் இடைவெளி பிடிபட்டதைப் போல. இது என் ஊகம்தான், தொல்லியலார் வேறு காரணம் சொல்லலாம்.

திரும்பும்போது கடை வாசலில் அம்பாசடர் கிளம்பிக்கொண்டிருந்தது. ஒரே சாவி, சத்தமில்லை, புகை கொஞ்சம். அதற்கு யாரும் 0டபிள்யூ-20 ஊற்றிவிடக் கூடாது. புதுசுதான் உசத்தி என்று நினைத்து அப்படிச் செய்கிறவர்களும் இப்போது முளைத்திருக்கிறார்கள். உங்கள் வண்டி எந்தப் பக்கம் என்று தெரிய வேண்டுமானால், டேஷ்போர்டு பெட்டியில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் ஒரு புத்தகம் கிடக்கும். அடுத்த ஆயில் மாற்றத்துக்கு முன்னால் அதை எடுத்து, எண்ணைப் பார்த்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.