சோலாருக்கு ஓ.கே... அதிகாரத்துக்கு நோ! கலிபோர்னியா நகரசபைகள் முரண்டு பிடித்தது ஏன்?

வெயிலுக்கும் காத்துக்கும் பஞ்சமே இல்லாத மாநிலம். சுற்றுச்சூழல் என்றாலே முதல் ஆளாக கொடி பிடிக்கும் மக்கள். அப்படிப்பட்ட அமெரிக்காவின் கலிபோர்னியாவில், "பாதி கரண்டை சோலார், காற்றாலை மாதிரி இயற்கை வழியில்தான் எடுக்கணும்" என்று வந்த தீர்மானத்தை மக்களே ஓட்டு போட்டு தூக்கி கடாசினார்கள்.

2008 நவம்பர் 4-ந்தேதி நடந்த கூத்து இது. ஒபாமா ஜெயித்த அதே நாள். 100 பேரில் 64 பேருக்கு மேல் "வேண்டாம்" என்று குத்திவிட்டார்கள்.

கரண்ட் கம்பெனிகள் எதிர்த்ததில் ஆச்சரியம் இல்லை. நகரங்களும் அவை நடத்தும் மின்வாரியங்களும் ஏன் எதிர் அணியில் போய் நின்றன? அங்கேதான் விஷயம் இருக்கிறது. அந்த சண்டை இன்றைக்கும் வேறு ரூபத்தில் தொடர்கிறது.

என்ன அந்த தீர்மானம்?

கலிபோர்னியாவில் சட்டசபை மட்டும்தான் சட்டம் போட முடியும் என்பது இல்லை. போதிய கையெழுத்து வாங்கி வந்தால், யார் வேண்டுமானாலும் ஒரு சட்டத்தை நேராக மக்கள் ஓட்டுக்கு விடலாம். 2008-ல் அதற்கு 4 லட்சத்து 33 ஆயிரத்து 971 வாக்காளர்களின் கையெழுத்து தேவைப்பட்டது.

அப்படி வந்ததுதான் 7-வது தீர்மானம். பணம் போட்டவர் பீட்டர் ஸ்பெர்லிங். பீனிக்ஸ் பல்கலைக்கழகத்தை ஆரம்பித்த ஜான் ஸ்பெர்லிங்கின் மகன், பெரும் கோடீஸ்வரர். ஊர் ஊராக போய் பேசியவர் சான்பிரான்சிஸ்கோ நகரசபையின் முன்னாள் உறுப்பினர் ஜிம் கோன்சாலஸ்.

தீர்மானம் சொன்னது இதுதான். எல்லா மின் நிறுவனங்களும் 2010-க்குள் 20 சதவீதம், 2020-க்குள் 40 சதவீதம், 2025-க்குள் 50 சதவீதம் கரண்டை இயற்கை வழியில் எடுக்க வேண்டும். 20 சதவீத இலக்கு 2006-லேயே சட்டமாகி இருந்தது. ஆனால் அது தனியார் கம்பெனிகளுக்கு மட்டும்தான். நகரங்களே நடத்தும் மின்வாரியங்கள் தங்கள் இலக்கை தாங்களே வைத்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார்கள்.

7-வது தீர்மானம் அந்த சலுகைக்கு வேட்டு வைத்தது. உள்ளூர் அமைப்புகள் கொதித்தது இங்கேதான்.

கல்லாப்பெட்டி பயம்

கலிபோர்னியாவில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு கரண்டை விற்பது நகரங்களும் உள்ளூர் வாரியங்களும்தான். லாஸ் ஏஞ்சல்ஸ் நகர மின்வாரியம் மட்டுமே சுமார் 40 லட்சம் மக்களுக்கு சப்ளை கொடுக்கிறது. தலைநகர் சாக்ரமெண்டோவுக்கும் தனி வாரியம் உண்டு.

அப்போது லாஸ் ஏஞ்சல்சுக்கு கணிசமான கரண்ட் எங்கிருந்து வந்தது தெரியுமா? வெளிமாநிலங்களான யூட்டா, அரிசோனாவில் இருந்த நிலக்கரி மின் நிலையங்களில் இருந்து. விலை மலிவு. மக்களுக்கு பில்லும் குறைவு. "இப்படி குறுகிய காலத்தில் மாத்த சொன்னா கட்டணம் எகிறும், ஓட்டு போட்ட மக்கள் எங்க வாசல்லதான் வந்து நிப்பாங்க" என்பது உள்ளூர் வாரியங்களின் கவலை.

அபராத விஷயம் இன்னும் சிக்கல். இலக்கை எட்டாவிட்டால், குறையும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 1 சென்ட் அபராதம். பழைய சட்டத்தில் 5 சென்ட். பார்க்க குறைந்த மாதிரி தெரியும். ஆனால் பழைய சட்டத்தில் வருடத்துக்கு 2 கோடியே 50 லட்சம் டாலருக்கு மேல் போகாது என்று ஒரு எல்லை இருந்தது. புது தீர்மானத்தில் அந்த எல்லை கிடையாது. அபராதத்தை மக்களின் பில்லில் ஏற்றவும் கூடாது.

தனியார் கம்பெனி என்றால் பங்குதாரர்கள் தலையில் கட்டலாம். நகர மின்வாரியத்துக்கு ஏது பங்குதாரர்? சுற்றி வளைத்து கடைசியில் மக்கள் பணம்தான் போகும்.

அனுமதி யார் கையில்?

பணத்தை விட பெரிய தலைவலி இது. கலிபோர்னியாவில் 1974-ல் வந்த சட்டப்படி, வெப்பத்தால் ஓடும் 50 மெகாவாட்டுக்கு மேற்பட்ட மின் நிலையங்களுக்கு மாநில எரிசக்தி கமிஷன்தான் அனுமதி கொடுக்கும். ஆனால் காற்றாலை, சோலார் தகடு பண்ணைகள் தனியார் நிலத்தில் வந்தால், அனுமதி கவுண்டி கையில். கவுண்டி என்பது மாவட்டம் மாதிரி ஒரு அமைப்பு. ஆனால் மக்கள் ஓட்டு போட்டு தேர்ந்தெடுத்த சபை அதை நடத்தும்.

7-வது தீர்மானம், 30 மெகாவாட்டும் அதற்கு மேலும் உள்ள காற்றாலை, சோலார் நிலையங்களின் அனுமதியையும் கமிஷனிடம் கொடுக்க சொன்னது. ஆறு மாதத்தில் முடிவு தெரிய வேண்டும் என்றும் கெடு வைத்தது.

"எங்க ஊர் நிலம், எங்க ஊர் தண்ணி, எங்க ஊர் ரோடு. முடிவு மட்டும் சாக்ரமெண்டோவிலா?" என்பதுதான் பாலைவன ஊர்களில் கிளம்பிய கேள்வி. அந்த கோபத்துக்கு காரணமும் இருந்தது. லாஸ் ஏஞ்சல்ஸ் மின்வாரியம் அதே சமயத்தில் 'கிரீன் பாத் நார்த்' என்ற பெயரில் உயர் அழுத்த மின்பாதை ஒன்றை பாலைவன ஊர்கள் வழியாக இழுக்க திட்டம் போட்டிருந்தது. யுக்கா வேலி பகுதி மக்கள் போர்க்கொடி தூக்கினார்கள். கடைசியில் 2010-ல் திட்டத்தையே கைவிட்டார்கள். பெரிய நகரத்துக்கு பச்சை கரண்ட், சின்ன ஊருக்கு டவர்கள் என்ற கணக்கை அந்த மக்கள் நேரில் பார்த்தவர்கள்.

இதோடு வரி பிரச்சினை வேறு. 1980-ல் நடந்த இன்னொரு ஓட்டெடுப்பு காரணமாக, சோலார் கருவிகளுக்கு சொத்து வரி கிடையாது. வேடிக்கை என்னவென்றால் அந்த தீர்மானத்தின் நம்பரும் 7 தான்! ஆயிரக்கணக்கான ஏக்கரில் பண்ணை வந்தாலும், கருவிகளின் மதிப்புக்கு கவுண்டி கஜானாவுக்கு வரி வராது. ரோடு போடுவதும் தீயணைப்பு வண்டி அனுப்புவதும் மட்டும் கவுண்டி செலவு. இதனால்தான் 2011-ல் ரிவர்சைடு கவுண்டி, பெரிய சோலார் பண்ணைகளுக்கு ஏக்கருக்கு 450 டாலர் கட்டணம் என்று அதிரடி முடிவு எடுத்தது.

ஒரே மேடையில் எலியும் பூனையும்

எதிர்ப்பு அணியை பார்த்தவர்கள் மூக்கில் விரல் வைத்தார்கள். மூன்று பெரிய தனியார் மின் கம்பெனிகள் சுமார் 3 கோடி டாலரை கொட்டின. பக்கத்திலேயே சியரா கிளப் மாதிரி சுற்றுச்சூழல் அமைப்புகள். குடியரசு கட்சியும் ஜனநாயக கட்சியும் கூட ஒரே குரலில் "வேண்டாம்" என்றன.

சுற்றுச்சூழல் அமைப்புகள் சொன்ன காரணம் வேறு. தீர்மானம் அவசர கோலத்தில் எழுதப்பட்டிருக்கிறது, 30 மெகாவாட்டுக்கு கீழே உள்ள சின்ன நிலையங்கள் கணக்கில் வராமல் போகும், சந்தை விலையை விட 10 சதவீதத்துக்கு மேல் போனால் வாங்க வேண்டாம் என்ற பிரிவை வைத்து கம்பெனிகள் நழுவி விடும் என்றார்கள். ஆதரவாளர்கள் இதை மறுத்தார்கள். ஆனால் சந்தேகம் மக்கள் மனதில் ஒட்டிக்கொண்டது.

நகரசபைகள் ஒரு விஷயத்தில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டியிருந்தது. மக்கள் வரிப்பணத்தை வைத்து "இதற்கு ஓட்டு போடு, போடாதே" என்று பிரசாரம் செய்யக்கூடாது என்று கலிபோர்னியா சுப்ரீம் கோர்ட் 1976-லேயே தீர்ப்பு சொல்லி இருக்கிறது. பொதுமக்கள் முன்னால் கூட்டம் போட்டு தீர்மானம் நிறைவேற்றலாம். அதற்கு மேல் போனால் வம்பு.

நகரங்கள் மேலும் தப்பு உண்டு

உள்ளூர் அமைப்புகள் சொன்னது எல்லாமே நியாயம் என்று சொல்லிவிட முடியாது. "எங்க இலக்கை நாங்களே வச்சுக்கறோம்" என்ற வசதிக்கு பின்னால், மலிவான நிலக்கரி கரண்டை விட மனசு இல்லாததும் ஒரு காரணம். மனசு வைத்தால் முடியும் என்பதற்கும் லாஸ் ஏஞ்சல்சே சாட்சி. 2010-ல் அந்த நகர வாரியம் 20 சதவீதத்தை எட்டிவிட்டதாக அறிவித்தது. சட்டப்படி கட்டாயம் இருந்த பெரிய தனியார் கம்பெனிகள் அந்த வருடம் அதை எட்டவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

அப்புறம் என்ன ஆச்சு?

தோற்ற தீர்மானத்தின் பெரும்பகுதி, சட்டசபை வழியாக பின்வாசலில் உள்ளே வந்துவிட்டது. 2011-ல் கவர்னர் ஜெர்ரி பிரவுன் கையெழுத்திட்ட சட்டம், 2020-க்குள் 33 சதவீதம் என்றது. இந்த முறை நகர மின்வாரியங்களுக்கும் விலக்கு இல்லை. 2015-ல் 50 சதவீதம் என்று ஏற்றினார்கள். 2018-ல் வந்த சட்டம், 2030-க்குள் 60 சதவீதம், 2045-க்குள் முழுக்க முழுக்க சுத்தமான கரண்ட் என்றது.

அதாவது சதவீதத்தை பொறுத்தவரை நகரங்கள் இறங்கி வந்துவிட்டன. ஆனால் அனுமதி அதிகாரத்தை மட்டும் யாரும் விட்டுத்தர தயாராக இல்லை. 2019-ல் சான் பெர்னார்டினோ கவுண்டி, 10 லட்சம் ஏக்கருக்கு மேல் கிராமப்புற நிலத்தில் பெரிய சோலார் பண்ணைகளுக்கு தடை போட்டது.

பதிலடி 2022-ல் வந்தது. கவர்னர் கவின் நியூசம் கையெழுத்திட்ட ஏ.பி. 205 என்ற சட்டப்படி, 50 மெகாவாட்டும் அதற்கு மேலும் உள்ள சோலார், காற்றாலை திட்டங்கள் கவுண்டியை விட்டுவிட்டு நேராக எரிசக்தி கமிஷனிடம் போகலாம். விண்ணப்பம் முழுமையானதும் 270 நாளில் முடிவு. 2008-ல் மக்கள் வேண்டாம் என்று சொன்ன அதே விஷயம்தான்!

முதல் அடி விழுந்த ஊர்களில் ஒன்று சாஸ்டா கவுண்டி. அங்கே ஒரு காற்றாலை திட்டத்தை 2021-ல் கவுண்டி நிராகரித்தது. 1992-ல் பெரிய காட்டுத்தீயில் வெந்த பூமி அது. உயரமான காற்றாலைகள் நின்றால் தீயணைக்கும் விமானம் எப்படி பறக்கும் என்பது மக்களின் கேள்வி. பூர்வகுடி மக்களான பிட் ரிவர் இனத்தாரும் எதிர்த்தார்கள். ஆனால் கம்பெனி அசரவில்லை. 2023-ல் புது சட்டத்தை பிடித்துக்கொண்டு கமிஷன் கதவை தட்டியது.

2008-ல் மக்கள் போட்ட ஓட்டு பச்சை கரண்டுக்கு எதிரானது என்று பலர் எழுதினார்கள். பின்னால் வந்த கதையை பார்த்தால் அது முழு உண்மை இல்லை. சோலார் வேண்டுமா, வேண்டாமா என்ற சண்டை அங்கே எப்போதோ முடிந்துவிட்டது. காற்றாலை எந்த மலையில் நிற்கணும், டவர் யார் வீட்டு கொல்லையில் போகணும் என்பதை முடிவு செய்வது பக்கத்தில் குடியிருப்பவரா, தலைநகரில் உட்கார்ந்திருப்பவரா என்ற சண்டை மட்டும் முடியவில்லை. அதற்கு இதுவரை எந்த ஓட்டுப்பெட்டியும் பதில் சொல்லவில்லை.